பட்டன் அழுத்தினேன், படம் மாறவில்லை: ரூட்டர் பேனல் கோளாறை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

நேரலை தொடங்க இருபது நிமிடம் இருக்கும்போது வீடியோ ரூட்டரை இயக்கும் பட்டன் பேனல் சொன்னபடி கேட்காமல் போனால், பெரும்பாலானவர்கள் முதலில் அதே பட்டனை இன்னும் அழுத்தி அழுத்திப் பார்ப்பார்கள். அப்புறம் கைக்கு எட்டிய கேபிளைப் பிடுங்கிச் செருகுவார்கள். முதலாவதால் பெரும்பாலும் நஷ்டமில்லை. இரண்டாவது, கோளாறு எங்கே என்று சொல்லியிருக்கக்கூடிய தடயத்தையும் சேர்த்து அழித்துவிடும். கேபிளில் கை வைக்கும் முன் ஒரு நிமிடம் பேனலின் விளக்குகளைப் பாருங்கள். அந்த ஒரு நிமிடத்தை எப்படிச் செலவிடுவது என்பதுதான் இந்த வழிமுறை.

இங்கே ரூட்டர் என்பது வீட்டு இணைய ரூட்டர் அல்ல. கேமரா, லேப்டாப், பிளேயர் எனப் பல இடங்களிலிருந்து வரும் எஸ்டிஐ (தொழில்முறைக் கருவிகள் படத்தைக் கேபிளில் அனுப்பும் முறை) சிக்னல்களை வாங்கி, எந்த மானிட்டருக்கு, எந்த எல்இடி திரைக்கு, எந்த ரெக்கார்டருக்கு எது போக வேண்டுமோ அதை அனுப்பும் பெட்டி. பிளாக்மேஜிக் வீடியோஹப் போன்ற சின்னப் பெட்டியும், தொலைக்காட்சி நிலையத்தில் ரேக் முழுக்க நிற்கும் பெரிய ரூட்டரும் செய்வது இதே வேலைதான்.

பேனல் வழியாகப் படம் எதுவும் போவதில்லை. நீங்கள் அழுத்தியதும் பேனல் நெட்வொர்க் வழியாக ஒரு கட்டளை அனுப்புகிறது. ரூட்டர் உள்ளே இணைப்பை மாற்றுகிறது. மாற்றியதும் "மாற்றிவிட்டேன்" என்று எல்லாப் பேனல்களுக்கும் திருப்பிச் சொல்கிறது. அந்தப் பதிலைக் கேட்டுத்தான் பட்டன் விளக்கு மாற வேண்டும். ஆக, விளக்கு காட்டுவது ரூட்டரின் பதிலை. இது புரிந்தால் பாதிக் கோளாறுகளை நாற்காலியை விட்டு எழாமலே பிடித்துவிடலாம்.

ஆனால் எல்லாப் பேனலும் இப்படி நேர்மையாக நடப்பதில்லை. சிலவற்றில் விரல் பட்டதுமே விளக்கு மாறிவிடும். உங்களுடையது எந்த வகை என்று ஒத்திகை நாளிலேயே தெரிந்துகொள்ளுங்கள். ரூட்டரின் நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டு ஒரு சோர்ஸ் (படம் வரும் இடம்) பட்டனை அழுத்திப் பாருங்கள். விளக்கு அப்போதும் மாறினால் அந்த விளக்கை நம்பாதீர்கள். கீழே உள்ள வழிமுறைகள், பதிலைக் கேட்டு ஒளிரும் பேனலை மனதில் வைத்து எழுதியவை.

பேனலில் விளக்கே இல்லை

இப்போதைய பேனல்கள் பலவும் நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். அதற்கு பிஓஇ வசதியுள்ள சுவிட்ச் வேண்டும். நேற்று வரை எரிந்த பேனல் இன்று எரியவில்லை என்றால், யாராவது சுவிட்சை மாற்றினார்களா என்று முதலில் கேளுங்கள். பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு சுவிட்சுகளில் ஒன்றில் மட்டும் பிஓஇ இருப்பது சாதாரணம். ஒரே சுவிட்சில் முதல் நான்கு துளைகளுக்கு மட்டும் பிஓஇ இருப்பதும் உண்டு.

பிஓஇ-யின் 802.3ஏஎஃப் தரத்தில் சுவிட்ச் ஒரு துளைக்கு அதிகபட்சம் 15.4 வாட் தரும். கேபிளில் வீணாவது போக, பேனலுக்கு உறுதியாகக் கிடைப்பது 12.95 வாட். எட்டுத் துளையும் முழு அளவு கேட்டால் 123 வாட்டுக்கு மேல் வேண்டும். பல சிறிய சுவிட்சுகளின் மொத்தத் திறன் அதில் பாதிதான் இருக்கும். இண்டர்காம், ஐபி கேமரா என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போய், கடைசியில் செருகிய பேனலுக்கு மின்சாரம் இல்லாமல் போவது இப்படித்தான். ஒரு கேமராவைக் கழற்றியதும் பேனல் உயிர் பெற்றால் காரணம் தெரிந்துவிட்டது.

ஒரு எச்சரிக்கை. தரம் எதையும் பின்பற்றாமல், எதிரே என்ன கருவி இருக்கிறது என்று கேட்காமலே நேரடியாக மின்சாரத்தை ஏற்றும் மலிவான இன்ஜெக்டர்கள் கடைகளில் கிடைக்கின்றன. அவசரத்துக்கு என்றாலும் அதைப் பேனலில் மாட்டாதீர்கள். உட்புறம் எரிந்துபோனால் சரிசெய்ய முடியாது.

விளக்கு எரிகிறது, ஆனால் எந்தப் பட்டனும் கேட்கவில்லை

பேனலுக்கும் ரூட்டருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று அர்த்தம். பட்டன்களை மறந்துவிட்டு முகவரிகளைப் பாருங்கள்.

பேனலின் முகவரி 192.168.1.40, ரூட்டரின் முகவரி 192.168.10.5, இரண்டிலும் மாஸ்க் 255.255.255.0 என்று இருந்தால், ஒரே சுவிட்சில் பக்கத்துப் பக்கத்தில் செருகியிருந்தாலும் இரண்டும் பேசிக்கொள்ளாது. முதல் மூன்று எண்களும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும், கடைசி எண் மட்டும் வேறாக இருக்க வேண்டும். முகவரி 169.254 என்று தொடங்கினால், அந்தக் கருவி முகவரி கேட்டு டிஎச்சிபியிடம் (கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் சேவை) போய், பதில் வராமல் தானாகவே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. இந்த வேலைக்கு டிஎச்சிபியே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ரூட்டருக்கும் பேனலுக்கும் மாறாத முகவரி கொடுத்து, அதை ரேக்கின் கதவில் எழுதி ஒட்டுங்கள். பேனலின் நினைவில் இருப்பது ரூட்டரின் பழைய முகவரி. டிஎச்சிபி ரூட்டருக்குப் புது முகவரி கொடுத்த அன்று பேனல் ஆளில்லாத வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்.

அடுத்து ஒரு லேப்டாப்பை அதே சுவிட்சில் செருகி ரூட்டரை பிங் செய்யுங்கள், அதாவது "இருக்கிறாயா" என்று கேட்கும் சிறு சோதனைச் செய்தி அனுப்புங்கள். பதில் வரவில்லை என்றால் கேபிள், சுவிட்ச், முகவரி இந்த மூன்றுக்குள்தான் கோளாறு. பதில் வந்தும் பேனல் பேசவில்லை என்றால் கட்டளை வாங்கும் வாசலைத் தட்டிப் பார்க்க வேண்டும். வீடியோஹப் வகை ரூட்டர்கள் டிசிபி 9990 என்ற போர்ட்டில் காத்திருக்கும். புட்டி மென்பொருளில் ரா முறையைத் தேர்ந்தெடுத்து அந்த முகவரிக்கும் போர்ட்டுக்கும் இணைத்தால், நீங்கள் எதுவும் தட்டாமலே ரூட்டர் தன் நிலையைக் கொட்டிவிடும்: மாடல் பெயர், உள்ளீடுகளின் பெயர்கள், வெளியீடுகளின் பெயர்கள், பூட்டுகள், எந்த வெளியீட்டில் எந்த உள்ளீடு என்ற பட்டியல். இது திரையில் ஓடினால் ரூட்டர் நலம். பேனலில் எழுதியிருக்கும் ரூட்டர் முகவரியைத் திருத்துங்கள்.

கொஞ்ச நேரம் வேலை செய்கிறது, கொஞ்ச நேரம் இல்லை என்றால் ஒரே முகவரியை இரண்டு கருவிகள் வைத்திருக்கின்றனவா என்று சந்தேகப்படுங்கள். பேனலின் நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டு பேனலின் முகவரியை பிங் செய்யுங்கள். கழற்றிய பிறகும் பதில் வந்தால் அதே பெயரில் இன்னொருவர் உள்ளே இருக்கிறார். வாடகைக்கு வந்த பிரிண்டரோ, ஒலிக்குழுவின் மிக்சரோ, யாராவது கொண்டுவந்த லேப்டாப்போ, தேடினால் கிடைத்துவிடும்.

அழுத்தியது ஒன்று, வந்தது வேறு

எனக்கு மிகவும் பிடித்த அறிகுறி இது. எப்படித் தவறாக வருகிறது என்பதிலேயே விடை இருக்கும்.

எல்லாப் பட்டனும் ஒரே அளவில் தள்ளிப் போகிறதா? 5 அழுத்தினால் 6, 9 அழுத்தினால் 10 என்றால், எண்ணிக்கை எங்கே தொடங்குகிறது என்பதில் கோளாறு. பெட்டியின் பின்புறம் முதல் துளையில் 1 என்று அச்சிட்டிருக்கும். ஆனால் வீடியோஹப்பின் கட்டளை மொழியில் முதல் துளை 0. பெரிய ரூட்டர்கள் பலவும் பேசும் எஸ்டபிள்யூ-பி-08 மொழியிலும் எண்ணிக்கை 0 முதல்தான். ரூட்டர் அனுப்பும் பட்டியலில் "4 7" என்று ஒரு வரி இருந்தால், ஐந்தாம் வெளியீட்டில் எட்டாம் உள்ளீடு போகிறது என்று படிக்க வேண்டும். நிறுவனமே தரும் அமைப்பு மென்பொருள் இந்தக் கூட்டல் கழித்தலைத் தானே பார்த்துக்கொள்ளும். நீங்களே கட்டளை எழுதி ஒரு பட்டனில் வைக்கும்போதுதான் இந்தத் தவறு நுழையும்.

இரண்டு பட்டன்கள் மட்டும் இடம் மாறியிருக்கின்றனவா? ரேக்கின் பின்னால் போய்ப் பாருங்கள், இரண்டு பிஎன்சி கேபிள்கள் இடம் மாறியிருக்கும்.

ஒரே ஒரு பட்டன் மட்டும் தவறா? அந்தப் பட்டனின் நிரலைப் பாருங்கள். பட்டனுக்குக் கொடுத்த எண்ணும், அதன் மேல் ஒட்டிய காகிதச் சீட்டும், ரூட்டருக்குள் எழுதிய பெயரும் மூன்று தனித்தனி விஷயங்கள். ஒன்றைத் திருத்தினால் மற்ற இரண்டும் தானாகத் திருந்தாது.

இதில் நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். ஒரு அரங்கத்தில் நிரந்தரமாக அமைத்திருந்த ரூட்டரில் மூன்றாம் கேமராவும் நான்காம் கேமராவும் மாறி வந்தன. துப்புரவின்போது யாரோ பின்னால் கேபிள்களைக் கழற்றி மாற்றிச் செருகிவிட்டார்கள். அன்று நேரமில்லை. பின்னால் போய்க் கேபிளை மாற்றாமல் மென்பொருளில் பெயர்களை மாற்றிவிட்டேன், நிகழ்ச்சி நன்றாகவே முடிந்தது. சில மாதம் கழித்து வேறொரு பொறியாளர் கேபிள் வரைபடத்தைப் பார்த்து, கேபிள்களைச் சரியான துளைக்கு மாற்றினார். அவர் செய்தது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் பட்டன் பெயர்கள் அன்று முதல் தவறாகிவிட்டன, அது தெரிந்தது ஒரு நிகழ்ச்சியின் நடுவில். கேபிளில் வந்த தவறைக் கேபிளிலேயே திருத்த வேண்டும். அன்றைக்கு முடியவில்லை என்றால் ரேக்கில் ஒரு சீட்டாவது எழுதி ஒட்டிவிட்டுப் போக வேண்டும்.

எது எங்கே வருகிறது என்று உறுதி செய்ய, கேமரா படத்தை வைத்து யோசிக்காதீர்கள். இரண்டு கேமராவும் ஒரே மேடையைக் காட்டிக்கொண்டிருந்தால் குழப்பம்தான் மிஞ்சும். ஒரு கேமராவில் கலர் பார் போடுங்கள், இன்னொன்றின் லென்சைக் கையால் மூடுங்கள்.

பட்டன் ஒளிர்கிறது, திரையில் மட்டும் மாற்றமில்லை

ரூட்டர் மாற்றிவிட்டேன் என்கிறது. அதை நம்பி, ரூட்டருக்குப் பிறகு வரும் பாதையில் தேடுங்கள். ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி: நீங்கள் மாற்றியது அந்தத் திரையைத்தானா?

பேனலை இரண்டு விதமாக அமைக்கலாம். ஒன்றில் பேனல் முழுவதும் ஒரே டெஸ்டினேஷனுக்கு (படம் போய்ச் சேரும் இடம்), எந்தப் பட்டனை அழுத்தினாலும் அந்த ஒரே மானிட்டரில்தான் மாறும். இதைக் கட்-பஸ் என்பார்கள். இன்னொன்று எக்ஸ்-ஒய். இதில் முதலில் டெஸ்டினேஷனைத் தேர்ந்தெடுத்து, பிறகு சோர்ஸை அழுத்த வேண்டும். எக்ஸ்-ஒய் பேனலில் கடைசியாகத் தேர்ந்தெடுத்த டெஸ்டினேஷன் அப்படியே நிற்கும். முன்னால் உட்கார்ந்திருந்தவர் ரெக்கார்டரைத் தேர்ந்தெடுத்துவிட்டு எழுந்து போயிருப்பார். நீங்கள் எல்இடி திரை என்று நினைத்து நான்கு முறை சோர்ஸை மாற்றுவீர்கள். திரையில் எதுவும் நடக்காது, ரெக்கார்டரில் நான்கு தேவையில்லாத கட் பதிவாகியிருக்கும். அனுபவமில்லாதவர் பேனல் முன் உட்காரப் போகிறார் என்றால், முக்கியமான ஒரே திரையை மட்டும் மாற்றும் கட்-பஸ்ஸாக அமைத்துக் கொடுப்பதே நல்லது. ரெக்கார்டரை அவர் பேனலில் வைக்கவே வேண்டாம்.

டெஸ்டினேஷன் சரிதான் என்றால், நன்றாக வரும் என்று உங்களுக்குத் தெரிந்த ஒரு சோர்ஸை அதே திரைக்கு அனுப்புங்கள். அது வந்தால் பாதை நலம், முதல் சோர்ஸில்தான் கோளாறு. அதுவும் வரவில்லை என்றால், ரூட்டரின் அந்த வெளியீட்டுத் துளையிலிருந்து கேபிளைக் கழற்றி, அதே துளையில் ரேக்கின் பக்கத்திலேயே ஒரு சிறிய மானிட்டரை வேறு கேபிளால் இணைத்துப் பாருங்கள். அங்கே வருகிறது, தூரத்தில் வரவில்லை என்றால் கேபிளோ அதன் முனையோ போய்விட்டது.

சில சோர்ஸ்கள் மட்டும் கறுப்பாக வருவதற்குக் கேபிள் காரணமல்லாமல் வடிவமும் காரணமாகலாம். 1080ஐ50 படம் நொடிக்கு 1.485 ஜிகாபிட் வேகத்தில் போகும். 1080பி50 படத்துக்கு அதன் இரட்டிப்பு, அதாவது 2.97 ஜிகாபிட் வேண்டும். பழைய எச்டி-எஸ்டிஐ மானிட்டர் முதலாவதைக் காட்டும், இரண்டாவதற்குக் கறுப்பாக நிற்கும். ரூட்டர் பொதுவாக வடிவத்தை மாற்றிக் கொடுக்காது, வந்ததை வந்தபடி அனுப்பும். கேமரா மெனுவில் யாரோ ஐ (இன்டர்லேஸ்) என்பதைப் பி (புரோகிரஸிவ்) ஆக்கியிருந்தால், பழி பேனல் மேல் விழும். 4கே படம் 12ஜி-யாக, 11.88 ஜிகாபிட் வேகத்தில் ஓடும்போது, முன்பு நன்றாக வேலை செய்த நீளமான கேபிள் தாங்காமல் படம் விட்டு விட்டு வரலாம். அப்போது நல்ல தரமான, குட்டையான கேபிள் போட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மாறவே மறுக்கிறது, அல்லது மாறிவிட்டுப் பழையதற்கே திரும்புகிறது

பட்டன் மின்னிக்கொண்டே இருக்கிறதா? டேக் முறை போட்டிருக்கலாம். தேர்ந்தெடுத்ததை உறுதி செய்ய டேக் பட்டனை அழுத்தும் வரை பேனல் காத்திருக்கும். முக்கிய வெளியீட்டுக்கு இது நல்ல பாதுகாப்பு. சாதாரண மானிட்டர்களுக்கு வேண்டாம், வேகம் போய்விடும்.

மின்னவும் இல்லை, மாறவும் இல்லை என்றால் அந்த டெஸ்டினேஷன் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வீடியோஹப் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் மூன்று நிலை சொல்லும்: பூட்டவில்லை, நீங்கள் பூட்டியது, வேறொருவர் பூட்டியது. மூன்றாவதாக இருந்தால் வலுக்கட்டாயமாகத் திறக்கவும் ஒரு கட்டளை உண்டு. ஆனால் அதைத் தொடும் முன் பூட்டியது யார் என்று இண்டர்காமில் கேளுங்கள். ஒலிபரப்புக்குப் போகும் வெளியீட்டை யாரும் காரணமில்லாமல் பூட்டுவதில்லை.

மாறிய சில நொடியில் பழையதற்குத் திரும்பினால், இன்னொரு கை உள்ளே இருக்கிறது. வேறு அறையில் இன்னொரு பேனலோ, நேர அட்டவணைப்படி ஓடும் ஆட்டோமேஷனோ, பல இணைப்புகளை ஒரே அழுத்தில் மாற்றும் சால்வோவோ அதே வெளியீட்டைத் தன் பக்கம் இழுக்கிறது. ஒவ்வொரு பேனலாக நெட்வொர்க்கிலிருந்து கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றியதும் இழுபறி நிற்கிறதோ, அதுதான்.

படம் மாறுகிறது, ஒலி மாறவில்லை

ஒலி எஸ்டிஐ-க்குள்ளேயே போகிறது என்றால் இது நடக்கக் கூடாது. நடந்தால், ஒலி தனிப் பாதையில் போகிறது என்று அர்த்தம். பெரிய ரூட்டர்களில் படம், ஒலி, டைம்கோடு (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் உரிய நேரக் குறிப்பு) ஒவ்வொன்றும் ஒரு லெவல். பேனலில் எல்லா லெவலும் தேர்வாகியிருந்தால் சேர்ந்து மாறும். ஒன்றை மட்டும் பிரித்து மாற்றிவிட்டு, திரும்பச் சேர்க்க மறந்தால் இந்த நிலை வரும். லெவல் பட்டன்களைப் பார்த்து எல்லாவற்றையும் மீண்டும் தேர்ந்தெடுத்து, சோர்ஸை ஒருமுறை அழுத்தினால் போதும்.

மாறும் நொடியில் படம் உதறுகிறது

ரூட்டர் இரண்டு படங்களுக்கு நடுவே, கண்ணுக்குத் தெரியாத வரிகளில் மாற வேண்டும். எச்டி 1080-இல் அது ஏழாம் வரி, பழைய 625 வரிப் படத்தில் ஆறாம் வரி. அந்த நேரத்தைக் கண்டுகொள்ள ரூட்டருக்கு ரெஃபரன்ஸ் சிக்னல் (எல்லாக் கருவிகளையும் ஒரே தாளத்தில் ஓடவைக்கும் சிக்னல்) வேண்டும். அது இல்லையென்றால் நடுப்படத்தில் வெட்டும். ரெஃபரன்ஸ் விளக்கைப் பாருங்கள். அது சரி என்றால், கேமராக்களும் அதே ரெஃபரன்ஸில் பூட்டியிருக்கின்றனவா என்று பாருங்கள். கன்வெர்ட்டர் வழியாக வரும் லேப்டாப் படம் பெரும்பாலும் அதற்குக் கட்டுப்படாது. நடுவில் ஒரு ஃபிரேம் சிங்க் (படத்தை ரெஃபரன்ஸோடு ஒத்துப்போகச் செய்யும் கருவி) போட வேண்டும்.

ஸ்ட்ரீம் டெக்கில் அமைத்த பட்டன்கள் சரியாக நடக்கவில்லை

சிறிய குழுக்கள் இப்போது தனிப் பேனல் வாங்காமல், கணினியில் செருகும் எல்காட்டோ ஸ்ட்ரீம் டெக் என்ற சிறிய பட்டன் பலகையை பிட்ஃபோக்கஸ் கம்பானியன் மென்பொருளோடு சேர்த்து ரூட்டர் பேனலாக்கிக்கொள்கிறார்கள். வழக்கமான மாடலில் 15 பட்டன், எக்ஸ்எல் மாடலில் 32. செலவு குறைவு, எழுத்தும் நிறமும் நாமே வைத்துக்கொள்ளலாம். நல்ல வழிதான், ஆனால் நடுவில் ஒரு கணினி வந்துவிடுகிறது, அதனால் கோளாறுக்கு இடமும் கூடுகிறது.

டெக்கில் எல்காட்டோவின் சின்னம் அப்படியே நின்றால், எல்காட்டோவின் சொந்த மென்பொருள் டெக்கைப் பிடித்து வைத்திருக்கிறதா என்று பாருங்கள். அதை முழுவதும் மூடிவிட்டுக் கம்பானியனை மீண்டும் தொடங்குங்கள். கணினி தொடங்கும்போது அது தானாகத் திறக்காதபடியும் செய்துவிடுங்கள், இல்லையென்றால் நாளைக் காலையும் இதே கதைதான்.

பட்டன் வேலை செய்கிறது, நிறம் மட்டும் மாறவில்லை என்றால் ஃபீட்பேக் சேர்க்க மறந்திருக்கிறீர்கள். கம்பானியனில் அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்பது ஒரு அமைப்பு, ரூட்டர் சொல்லும் நிலையைப் பார்த்து நிறம் மாறுவது வேறொரு அமைப்பு. பலர் முதலாவதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஃபீட்பேக் இல்லாத பட்டன் உங்கள் விரலைத் தவிர எதையும் அறியாது. "இந்த டெஸ்டினேஷனில் இந்த சோர்ஸ் இருந்தால் சிவப்பு" என்று ஒவ்வொரு பட்டனுக்கும் சேர்க்க அரை மணி நேரம் ஆகலாம். அதைச் செய்யாமல் நேரலைக்குப் போகாதீர்கள்.

அமைப்புப் பக்கத்தை உலாவியில் 8000 என்ற போர்ட்டில் திறந்தால், ரூட்டர் இணைப்பின் பக்கத்தில் பச்சை அடையாளம் இருக்க வேண்டும். இல்லையென்றால் மேலே முகவரி பற்றிச் சொன்னதற்கே திரும்புங்கள். லேப்டாப் உறக்கத்துக்குப் போவதையும், வைஃபைக்குத் தாவுவதையும் நிறுத்தி வையுங்கள்.

மின்தடைக்குப் பிறகு எல்லாம் கலைந்துவிட்டது

மின்சாரம் போய் வந்ததும் சில ரூட்டர்கள் கடைசி நிலையை நினைவில் வைத்துத் திரும்பும், சில தொடக்க நிலைக்குப் போய்விடும். உங்கள் ரூட்டர் எது என்று ஒருமுறை வேண்டுமென்றே அணைத்துப் பார்த்து அறியுங்கள். ஒத்திகை முடிந்ததும் இணைப்புப் பட்டியலையும் பட்டன் அமைப்பையும் கோப்பாகச் சேமித்து, ஒரு பென் டிரைவில் ரேக்கிலேயே வையுங்கள். திரும்ப இயக்கும்போது முதலில் நெட்வொர்க் சுவிட்ச், அப்புறம் ரூட்டர், அது முழுவதும் எழுந்த பிறகு பேனல்கள். பேனல் முந்திக்கொண்டு ரூட்டரைத் தேடிக் கிடைக்காமல் ஓய்ந்திருந்தால், அதை மட்டும் ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

யுபிஎஸ் பற்றி ஒன்று. பல இடங்களில் ரூட்டரையும் மிக்சரையும் யுபிஎஸ்ஸில் மாட்டியிருப்பார்கள், நெட்வொர்க் சுவிட்ச் மட்டும் பக்கத்துச் சுவர் பிளக்கில் தொங்கும். மின்சாரம் போய் ஜெனரேட்டர் எடுக்கும் அந்தச் சில நொடியில் ரூட்டர் ஓடிக்கொண்டே இருக்கும், படமும் போய்க்கொண்டே இருக்கும். ஆனால் சுவிட்ச் அணைந்து, திரும்ப எழும் வரை ஒரு பட்டனும் கேட்காது. சுவிட்ச் வழியாக மின்சாரம் எடுக்கும் பேனலாக இருந்தால் அதுவும் இருண்டுவிடும். அந்தப் பிளக்கை இன்றே யுபிஎஸ்ஸுக்கு மாற்றிவிடுங்கள்.